ஒரு கடிகைத் தொலைவில்

நுழையும்முன்

வானில் ஓர் ஒளிப்புள்ளியைக் காண்பது வேறு. அது எதனால் ஆனது என்று அறிவது வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி நெடியது. சென்னை நுங்கம்பாக்கத்திலும் சவ்வாது மலைக் காவலூரிலும் சிறுகோள்களைக் கண்டறிந்தோரின் இரவுகளில் தொடங்கி, உலோகம் செறிந்த ஒரு சிறுகோளை நோக்கிச் சென்றுகொண்டிருக்கும் விண்கலம் வரை அவ்வழியே சென்று பார்ப்போம்.

இராணிப்பேட்டை மாவட்டத்துச் சோளிங்கருக்குத் திருக்கடிகை என்றொரு பழம்பெயர் உண்டு. கடிகை என்பது நாழிகையைக் குறிக்கும் சொல். இன்றைய கணக்கில் இருபத்து நான்கு நிமிடம். இம்மலையில் ஒரு கடிகைப் பொழுது தங்கினாலே பெரும்பேறு கிட்டும் என்னும் நம்பிக்கை ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. யோக நரசிம்மர் வீற்றிருக்கும் பெரிய மலையின் 1305 படிகளையும் ஏறி முடித்தவர்க்கு மூச்சு வாங்கவே ஒரு கடிகை தேவைப்படும் என்பது வேறு செய்தி.

அந்த ஒரு கடிகைப் பொழுதில் ஒளி ஏறத்தாழ 43 கோடி கிலோமீட்டர் சென்றுவிடும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில் சைக்கி என்னும் சிறுகோள் கதிரவனைச் சுற்றி வருகிறது. புவியும் அதுவும் தத்தம் பாதையில் நகர்வதால், நமக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஒரு கடிகைத் தொலைவுக்குக் குறைந்தும் கூடியும் மாறிக்கொண்டே இருக்கும். சைக்கியின் மேற்பரப்பு ஏறத்தாழ 1,65,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்போ 1,30,058 சதுர கிலோமீட்டர். நம் மாநிலத்தைவிடச் சற்றே பெரிய பரப்பை உருளைக்கிழங்கு போன்ற கோணல் உருவின்மேல் போர்த்தியதாக எண்ணிக்கொள்ளலாம். அது தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 4 மணி 12 நிமிடம் ஆகிறது. அங்கு ஒரு நாள் என்பது பத்தரை நாழிகைதான்.

அந்தச் சிறுகோளை நோக்கி, அதன் பெயரையே தாங்கிய விண்கலம் ஒன்றை அமெரிக்காவின் நாசா அமைப்பு 2023 அக்டோபர் 13 அன்று ஏவியது. நிலவையும் செவ்வாயையும் பாறைச் சிறுகோள்களையும் பனிக்கட்டி செறிந்த வால்மீன்களையும் விண்கலங்கள் முன்பே அணுகிப் பார்த்துள்ளன. உலோகம் மிகுந்ததாகக் கருதப்படும் ஒரு வான்பொருளைச் சுற்றிவந்து ஆராய்வதற்கென்றே புறப்பட்ட முதல் கலம் இதுவே.

வீழ்மீன் அச்சம்

விண்ணிலிருந்து வருவது எது என்னும் கேள்வி நமக்குப் புதிதன்று. பங்குனித் திங்களில் ஓர் இரவு விண்மீன் ஒன்று எரிந்து வீழ்வதைப் புலவர் கூடலூர் கிழார் கண்டார். அரசனுக்குத் தீங்கு நேருமோ என அஞ்சினார். ஏழாம் நாளில் சேரமன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மறைந்தான். புறநானூற்றின் 229ஆம் பாடல் இச்செய்தியைக் கூறுகிறது. அரசனின் மறைவுக்கும் வீழ்மீனுக்கும் தொடர்பில்லை என்று இன்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். நம் கவனத்தைக் கவர வேண்டியது வேறொன்று. அந்நேரத்தில் எந்த மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது தாழ்ந்தது என்பதையெல்லாம் புலவர் பாடலில் பதிந்துவைத்திருக்கிறார். அஞ்சிய நிலையிலும் வானத்தைக் குறித்துக்கொள்ள அவர் மறக்கவில்லை.

அச்சமோ இன்றும் முற்றிலும் நீங்கவில்லை. 2016 பிப்ரவரியில், அன்றைய வேலூர் மாவட்டத்து நாட்டறம்பள்ளிக்கு அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்து ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்தது என்ற செய்தி சில நாள்களில் உலகெங்கும் பரவியது. வெளியான படங்களைக் கண்ட நாசா அறிவியலாளர்களோ, அவை நிலத்தில் நிகழ்ந்த வெடிப்பையே ஒத்திருப்பதாகக் கூறினர். ஓர் உயிர் போன இடத்தில் காரணத்தைத் துல்லியமாக அறிவது வெறும் ஆர்வத்திற்காக அன்று. போன உயிருக்கு நாம் செய்யும் மரியாதையும் அதுவே. ஒரு கல் விண்ணிலிருந்து வந்ததா என அறிய வழிகள் உள்ளன. காற்றில் உரசி உருகியதால் அதன்மேல் மெல்லிய கருந்தோல் படிந்திருக்கும். அறுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் இரும்போடு நிக்கலும் கலந்த உலோகத் துகள்கள் தென்படும்.

முழுக்க இரும்பாலான விண்கற்களும் உண்டு. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் காலத்தில், 1621ஆம் ஆண்டு, பஞ்சாபின் ஜலந்தர் பகுதியில் அத்தகைய ஒன்று வீழ்ந்தது. அதைத் தோண்டி எடுத்து வரச்செய்த பேரரசர், அதில் வாளும் கத்தியும் செய்யுமாறு பணித்தார். விண்ணிரும்பு மட்டும் சம்மட்டி அடிக்குத் தாங்காமல் நொறுங்கவே, மூன்று பங்கு விண்ணிரும்போடு ஒரு பங்கு மண்ணிரும்பைக் கலந்து அடித்தனர். இதைப் பேரரசரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். அவ்வாறு செய்த கத்தி ஒன்று இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போதுதான் சிறுகோள்களின் கதை தொடங்குகிறது.

நுங்கம்பாக்கத்துக் கண்கள்

1801 சனவரி முதல் நாளில் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாட்சி என்பார் சீரிஸைக் கண்டறிந்தார். சிறுகோள் பட்டையில் முதலில் அறியப்பட்டது அதுவே. 1852 மார்ச் 17 அன்று இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலிருந்து அன்னிபாலே தெ காஸ்பரிஸ் கண்ட பதினாறாவது சிறுகோளுக்குச் சைக்கி என்று பெயரிட்டனர். அது கிரேக்கப் புராணத்தில் ஆன்மாவைக் குறிக்கும் பெண் தெய்வத்தின் பெயர்.

ஒன்பதே ஆண்டுகளில் எண்ணிக்கை 67ஐ எட்டியது. அந்த அறுபத்து ஏழாவது, சென்னையில் கண்டறியப்பட்டது. நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டிலேயே வானியல் ஆய்வகம் அமைந்திருந்தது. அதன் கருங்கல் தூணொன்று தமிழ் எழுத்துப் பொறிப்போடு இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 1861இன் தொடக்கத்தில் அங்குப் பொறுப்பேற்ற நார்மன் போக்சன், அவ்வாண்டு ஏப்ரல் 17 இரவில் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். ஆசிய மண்ணிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். பின்னர் சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா ஆகிய நான்கையும் சென்னையிலிருந்தே கண்டார்.

ஒளிப்படக் கருவியின் துணையில்லாத காலம் அது. வானத்தின் ஒரு சிறு பகுதியிலுள்ள விண்மீன்களை எல்லாம் வரைபடமாக வரைந்துகொள்ள வேண்டும். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே பகுதியைத் தொலைநோக்கியில் பார்த்து, வரைபடத்தில் இல்லாத புள்ளி ஏதும் உள்ளதா, இருக்கும் புள்ளி இடம் மாறியுள்ளதா எனக் கண்ணாலேயே ஒப்பிட வேண்டும். விண்மீன்கள் தத்தம் இடத்திலேயே நிற்கும். சிறுகோள் மட்டும் நகரும். இந்த ஓயாப் பணியில் போக்சனுக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. தம் முயற்சியால் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த பெருமை அவருக்கு உண்டு. அவர் போன்ற சிலருடைய பெயர்களே நமக்குக் கிடைத்துள்ளன. கணக்கிட்டும் குறிப்பெழுதியும் இரவுகளைக் கழித்த பிற உதவியாளர்கள் வரலாற்றில் வெறும் கையெழுத்தாக நின்றுவிட்டனர்.

தெரிந்து தெளிவோம்

விண்மீன்களின் ஒளி அளவைத் தரங்களாகப் பிரிக்கும் வழக்கம் பழமையானது. முதல் தர விண்மீன், ஆறாம் தர விண்மீனைப்போல் நூறு மடங்கு ஒளியுடையது என வரையறுத்து, ஒவ்வொரு தரத்துக்கும் இடையே ஏறத்தாழ 2.512 மடங்கு வேறுபாடு என்னும் கணக்கை 1856இல் முன்மொழிந்தவர் போக்சன். உலகெங்கும் வானியலாளர்கள் இன்றளவும் இதையே பயன்படுத்துகின்றனர்.

காவலூர் இரவுகள்

போக்சனுக்குப் பின் ஒரு நூற்றாண்டு சென்றது. சோளிங்கரிலிருந்து தென்மேற்கே பாலாற்றை ஒட்டிச் சென்றால் இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக வரும். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலை ஏறினால் காவலூர். சென்னையில் பிறந்த வானியலாளர் வேணு பாப்பு இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். கடல்மட்டத்திற்கு 700 மீட்டருக்கும் மேலான உயரம், நகர ஒளி எட்டாத காட்டுச்சூழல், வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியையும் காண வாய்க்கும் அமைவிடம் ஆகியவையே காரணம். 1960களின் இறுதியில் சிறு தொலைநோக்கி ஒன்றோடு பணி தொடங்கியது. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தபோது, அதைக் கனவு கண்ட பாப்பு உயிரோடு இல்லை. 1982இலேயே அவர் மறைந்துவிட்டார். ஆய்வகமும் தொலைநோக்கியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

பெரிய தொலைநோக்கி வானத்தின் சிறு பகுதியை ஆழமாகப் பார்க்கும். சிறுகோள் தேடுவோர்க்கு வேண்டியதோ வானத்தின் அகன்ற பகுதியை ஒருசேரக் காட்டும் கருவி. காவலூரிலுள்ள சிமிட் வகைத் தொலைநோக்கி அத்தகையது. அதைக் கொண்டு, சிறுகோள்களையும் வால்மீன்களையும் தேடுவதற்காகக் கல்கி என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டறிந்தார். கணிதமேதை இராமானுசனின் நூற்றாண்டு விழா முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். அச்சிறுகோள் இன்று 4130 இராமானுசன் எனப்படுகிறது. 1885இல் போக்சன் வேராவைக் கண்டபின் இந்திய மண்ணிலிருந்து சிறுகோள் வேட்டை மீண்டும் தளிர்த்தது இம்மலையில்தான்.

மலையடிவார ஊர்களில் மின்விளக்குகள் பெருகப் பெருகக் காவலூரின் இருள் குறைந்துவருகிறது. இருளும் ஒரு வளம் என்பதை நாம் இன்னும் உணரவில்லை. ஆற்றுநீரைப் போல அதையும் இழந்தபின்தான் தேடுவோம் போலும்.

புள்ளியும் பொருளும்

ஒரு சிறுகோளைக் கண்டறிந்துவிட்டோம். அதன் பாதையையும் கணித்துவிட்டோம். அது எதனால் ஆனது? எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் பெரும்பாலான சிறுகோள்கள் புள்ளிகளாகவோ மங்கிய சிறு வடிவங்களாகவோதான் தெரிகின்றன. கையில் எடுத்துப் பார்க்க முடியாத பொருளை, அதிலிருந்து வரும் ஒளியைக் கொண்டே மதிப்பிட வேண்டும். அது திருப்பி அனுப்பும் கதிரொளியை நிறமாலையாகப் பிரித்தால், சில கனிமங்கள் தாம் விழுங்கிய நிறங்களின் வழியே தம்மைக் காட்டிக்கொடுக்கும். புவியிலிருந்து ரேடார் அலையை அனுப்பினால், பாறையைவிட உலோகம் அதை வலுவாக எதிரொலிக்கும். சைக்கியிலிருந்து அவ்வாறு வலுவான எதிரொலி வந்தது. எனவே அது ஏறத்தாழ முழுவதும் இரும்பும் நிக்கலும் ஆனது என்று நெடுங்காலம் எண்ணினர்.

இந்த எண்ணம் ஏன் அறிவியலாளரை இத்துணை ஈர்த்தது? கலங்கிய ஏரிநீரைக் குடத்தில் எடுத்து வைத்தால், மண் அடியில் படிந்து தெளிநீர் மேலே நிற்கும். உருகிய நிலையிலிருந்த இளம் புவியிலும் அத்தகைய பிரிவு நிகழ்ந்தது. எடைமிக்க இரும்பு நடுவே அமிழ்ந்து கருவமாயிற்று. எடை குறைந்த பாறை மேலே கவசமாகவும் மேலோடாகவும் அமைந்தது. இரும்போடு சேரும் இயல்புடைய நிக்கல், பொன், பிளாட்டினம் போன்றவையும் பெரும்பாலும் அதனோடு ஆழத்திற்குச் சென்றுவிட்டன. பொன் நமக்கு அரிதாகக் கிடைப்பதன் காரணம் இதுவே. நம் காந்தப்புலம் பிறப்பது அந்தக் கருவத்தில்தான். கதிரவனிடமிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களிலிருந்து நம்மைக் காப்பதும் அக்காந்தப்புலமே. ஆயினும் அக்கருவத்தை எவரும் கண்டதில்லை. அது தொடங்குவது 2,900 கிலோமீட்டர் ஆழத்தில். மாந்தர் தோண்டிய துளைகளில் மிக ஆழமானதாகிய ரஷ்யாவின் கோலாத் துளை 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. நிலநடுக்க அலைகள் உள்ளே சென்று வளைந்து திரும்பும் விதத்தைக் கொண்டே கருவத்தைப் பற்றி நாம் பேசுகிறோம்.

கதிரவக் குடும்பம் உருவான தொடக்கக் காலத்தில், சில சிறு உலகங்களும் உள்ளே உருகிக் கருவமும் கவசமுமாகப் பிரிந்திருக்க வேண்டும். பின்னர் ஒன்றோடொன்று மோதியதில் மேலுள்ள பாறை சிதறிப்போக, கருவம் மட்டும் வெறுமையாய் எஞ்சியிருக்கலாம். ஜலந்தரில் வீழ்ந்தது போன்ற இரும்பு விண்கற்கள் இதற்குச் சான்றாகின்றன. அவற்றுள் பலவற்றை அறுத்து, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்தால் பின்னல் போன்ற கோடுகள் வெளிப்படும். ஒரு பெரும் பொருளின் உட்புறத்தில், இலட்சக்கணக்கான ஆண்டுகளில் மிக மெல்லக் குளிர்ந்த இரும்பில் மட்டுமே அக்கோலம் உருவாகும். சைக்கி அத்தகைய எஞ்சிய கருவமாக இருந்தால், நம் காலடியில் இருந்தும் நம்மால் ஒருபோதும் அடைய முடியாத ஒன்றின் மாதிரியை வெளியே சென்று பார்க்கலாம்.

ஆனால் அடர்த்திக் கணக்கு இந்த நம்பிக்கையை அசைத்தது. அடர்த்தி அறியப் பொருளின் அளவும் நிறையும் வேண்டும். துணைக்கோள் உடைய சிறுகோளின் நிறையை அறிவது எளிது. துணைக்கோள் சுற்றும் வேகமே தாய்க்கோளின் நிறையைச் சொல்லிவிடும். போக்சன் சென்னையிலிருந்து கண்ட சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பதை 2005இல் அறிவித்தனர். ஒன்றுக்கு மேற்பட்ட துணைக்கோள்கள் உள்ளதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் அதுவே. அதன் அடர்த்தி நீரைவிடச் சற்றே மிகுதி. சில்வியா திண்ணிய பாறையன்று, இடைவெளிகள் நிறைந்த குவியல் என்பது அதனால் புலப்பட்டது. சென்னை வானில் மங்கிய புள்ளியாகத் தெரிந்த ஒன்றின் உட்புறத்தை அறிய 140 ஆண்டுகள் ஆயின.

சைக்கிக்கு அறியப்பட்ட துணைக்கோள் ஏதுமில்லை. அது பிற சிறுகோள்களின் பாதையைச் சிறிதளவு இழுப்பதைக் கொண்டே நிறையைக் கணிக்க வேண்டியிருந்தது. அளவீடுகள் துல்லியமாக ஆக, அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம் என்று வந்தது. திண்ணிய இரும்பு நிக்கல் கலவையாக இருந்தால் அது 8 கிராம் அளவில் இருக்க வேண்டும். நிறமாலையிலும் பாறைக் கனிமத்தின் சுவடுகள் தெரிந்தன. இன்றைய மதிப்பீட்டின்படி சைக்கியின் பருமனில் உலோகம் 30 முதல் 60 விழுக்காடு வரை இருக்கலாம். சிதறி மீண்டும் கூடிய இரும்புத் துண்டுகளின் குவியலா? பாறையும் உலோகமும் கலந்து கிடக்கும், ஒருபோதும் முழுதாக உருகாத பழம்பொருளா? உருகிய இரும்பு எரிமலைபோல் வெடித்துப் பாறை மேலோட்டின்மேல் வழிந்ததா? மூன்றுக்கும் ஆதரவாளர் உண்டு. எதிர்பார்த்த விடை உறுதியாகியிருந்தால் இப்பயணத்தின் சிறப்பு குறைந்திருக்கும் என்றே தோன்றுகிறது. முன்கூட்டியே அறிந்த ஒன்றைப் படமெடுத்து வர அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை.

மெல்லிய உந்து, நெடிய வழி

இத்திட்டத்தின் தலைமை ஆய்வாளர் லிண்டி எல்கின்ஸ்-டான்டன் என்னும் நிலவியல் அறிஞர். விண்கலம் 2022இலேயே புறப்பட்டிருக்க வேண்டும். பறப்பு மென்பொருளைச் சோதித்து முடிக்கக் காலம் போதாமையால் அவ்வாண்டின் வாய்ப்பை விட்டுவிட்டனர். கோள்களின் அமைவு அடுத்துப் பொருந்தும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. விளைவாக, 2026இல் சென்று சேர வேண்டிய கலம் 2029இல் சேரும். ஓராண்டுத் தாமதம் மூன்றாண்டுக்கும் மேலான தாமதமாகிவிட்டது. ஆயினும் ஐயத்தோடு ஏவுவதைவிட இதுவே மேல் என முடிவு செய்தவர்களைக் குறை கூற இயலாது.

புவியை விட்டு நீங்கப் பால்கன் ஹெவி என்னும் பெரிய ஏவூர்தி தேவைப்பட்டது. அதன்பின் கலம் செல்வது வேறு விதத்தில். அதன் நீண்ட சூரியத் தகடுகள் தரும் மின்னாற்றலால் செனான் என்னும் வளிமத்தின் அணுக்களை மின்னூட்டி, மிகுந்த வேகத்தில் பின்னோக்கி எறிகிறது. நீலநிறத்தில் ஒளிரும் அவ்வோட்டம் தரும் உந்துவிசை, 25 கிராம் எடையுள்ள பொருள் உள்ளங்கையில் அழுத்தும் அளவே. இவ்வளவு மெல்லிய விசையால் என்ன பயன் என்று கேட்கலாம். தடுக்கக் காற்றோ உராய்வோ இல்லாத வெளியில், மாதக்கணக்கில் இடைவிடாது தள்ளினால் அதுவே பெரும் வேகமாகத் திரளும். சோளிங்கர் மலையைப் படிப்படியாக ஏறுவோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மொத்தப் பயணத் தொலைவு ஏறத்தாழ 360 கோடி கிலோமீட்டர். 2026 மே மாதத்தில் செவ்வாயின் அருகே கடந்து, அதன் ஈர்ப்பால் வேகமும் திசையும் பெறுவது பயணத் திட்டம். கதிரவனை விட்டு விலக விலக மின்னாற்றல் குறையும். புவிக்கருகில் 20 கிலோவாட்டுக்கு மேல் தரும் தகடுகள், சைக்கியருகில் தருவது 2 கிலோவாட்டுக்குச் சற்று அதிகம். நம் வீட்டு வெந்நீர்க் கொதிகலன் ஒன்றுக்கு ஆகும் மின்சாரத்தைக் கொண்டு ஓர் உலகையே ஆராய வேண்டும்.

வழியில் இடர் நேராமலும் இல்லை. 2025 ஏப்ரலில் செனான் செல்லும் குழாயில் அழுத்தம் திடீரெனக் குறைந்தது. உந்திகளை நிறுத்திவிட்டுப் பொறியாளர்கள் காரணத்தை ஆராய்ந்தனர். மாற்றுக்குழாய் ஒன்றும் கலத்தில் வைக்கப்பட்டிருந்ததால், அதன் வழியாக வளிமத்தைத் திருப்பிச் சூன் மாதத்தில் பயணத்தைத் தொடர்ந்தனர். பழுது பார்க்க எவரும் செல்ல இயலாத இடத்திற்கு அனுப்பும் பொருளில் ஒவ்வொன்றும் இரட்டையாக இருக்க வேண்டியதன் தேவை இங்கே விளங்கும்.

ரேடியோ அலைக்கு மாற்றாக லேசர் ஒளியால் செய்தி அனுப்பும் சோதனைக் கருவியும் இக்கலத்தில் பொருத்தப்பட்டிருந்தது. 2023 டிசம்பரில் 3 கோடிக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தொலைவிலிருந்து அது அனுப்பிய காணொலியில் இருந்தது, ஒளிப்புள்ளியைத் துரத்தும் ஒரு வீட்டுப் பூனை! ஆழ்வெளியிலிருந்து லேசர் வழியே வந்த முதல் காணொலிக்குப் பூனையைத் தேர்ந்தெடுத்த அறிவியலாளரின் குறும்பை நாம் மன்னித்துவிடலாம்.

சைக்கியை அடைந்ததும் கலம் 26 மாதம் அதைச் சுற்றிவரும். ஏறத்தாழ 700 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி, 75 கிலோமீட்டர் வரை இறங்கும். படக்கருவி நிலப்பரப்பைப் பல நிறங்களில் பதியும். விண்வெளியிலிருந்து பாயும் கதிர்கள் சைக்கியின் மேற்பரப்பைத் தாக்கும்போது, அங்குள்ள தனிமங்கள் தத்தமக்குரிய காமாக்கதிர்களை வெளியிடும், நியூட்ரான்களும் தெறிக்கும். அவற்றை அளந்தால் இரும்பு எவ்வளவு, நிக்கல் எவ்வளவு, பாறைக்குரிய சிலிக்கான் எவ்வளவு என்பது தெரியவரும். கலம் ஈர்ப்பால் இழுபடும் அளவைப் புவியிலிருந்து கணித்து, உட்புறத்தில் நிறை எவ்வாறு பரவியுள்ளது என்றும் அறிவர்.

எல்லாவற்றினும் காந்தமானியின் பதிவையே பலரும் ஆவலோடு எதிர்நோக்குகின்றனர். சைக்கி ஒருகாலத்தில் உருகிச் சுழன்ற கருவமாக இருந்திருந்தால், அது காந்தப்புலத்தை உண்டாக்கியிருக்கும். குளிர்ந்து இறுகியபோது அப்புலத்தின் நினைவு இரும்பில் உறைந்து நின்றிருக்கும். பல நூறு கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நினைவு மீந்திருந்தால் காந்தமானி அதை உணர்ந்துவிடும். ஒன்றும் உணராவிட்டால்? அதுவும் ஒரு விடையே. ஆனால் அதன் பொருளை அறிய மற்றக் கருவிகளின் பதிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

விலைமதிப்பு என்னும் மயக்கம்

சைக்கியைப் பற்றிய செய்திகளில், அதிலுள்ள உலோகத்தின் விலை ஒன்றுக்குப் பின் பத்தொன்பது சுழிகள் இட்ட டாலர் என்று அடிக்கடி காண்கிறோம். இது கணக்குப் பயிற்சிக்கு உதவும்; வேறெதற்கும் உதவாது. அவ்வளவு உலோகத்தைக் கொண்டுவரும் வழி எதுவும் இன்றில்லை. வழியொன்று உண்டாகிக் கொண்டுவந்தால் அந்த விலையே இராது. ஆடி மாதத்தில் தக்காளி மிகுந்தால் சந்தையில் என்ன ஆகும் என்பது உழவர்க்குத் தெரியும். இப்பயணம் சுரங்கம் தோண்டுவதற்கன்று. கலம் சைக்கியில் இறங்கப்போவதும் இல்லை.

எனினும் என்றேனும் ஒருநாள் சிறுகோள்களில் உலோகம் எடுக்க முனைவோர் வருவர். அப்போது அது யாருக்குரியது? எந்த வான்பொருளையும் எந்நாடும் தன் உடைமையாக்கிக்கொள்ள இயலாது என 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை கூறுகிறது. இந்தியாவும் அதில் இணைந்துள்ளது. அங்கிருந்து எடுத்த பொருள் எடுத்தவர்க்கு உரியதா என்பதில் நாடுகளிடையே ஒத்த கருத்து இல்லை.

இந்தக் கேள்வி பாலாற்றங்கரை மாணவருக்கு அயலானதன்று. குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பு, தோலைப் பதப்படுத்தி மென்மையும் உறுதியும் உடையதாக்குகிறது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. தோற்கழிவுநீரோடும், இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமிய வேதிப்பொருள் ஆலையொன்று விட்டுச்சென்ற கழிவுக் குவியலிலிருந்தும் அது நிலத்தடி நீரில் கலந்து கிணறுகளைக் கெடுத்ததும் இதே மண்ணில்தான். உலோகத்தால் வரும் பயன் ஒருவருக்கும் அதன் கழிவு வேறொருவருக்கும் போய்ச் சேரும் முறையை இங்குள்ளோர் பாடநூலில் படித்து அறிய வேண்டியதில்லை. விண்ணில் சுரங்கம் அமைந்தால் புவியின் காயம் குறையும் என்பர் சிலர். குறையலாம். ஆனால் கணக்கை யார் எழுதுகிறார், யாருக்காக எழுதுகிறார் என்னும் கேள்வி அங்கும் எழும்.

2029 ஆகஸ்டு

பயணத் திட்டத்தின்படி 2029 ஆகஸ்டில் கலம் சைக்கியின் ஈர்ப்புக்குள் நுழையும். அதற்குப் பல வாரங்கள் முன்பே அதன் படக்கருவி சைக்கியைப் பார்க்கத் தொடங்கிவிடும். முதலில் வரும் படங்களில் தெரியப்போவது விண்மீன்களுக்கிடையே மெல்ல நகரும் ஓர் ஒளிப்புள்ளி. நேப்பிள்ஸில் காஸ்பரிஸும் நுங்கம்பாக்கத்தில் போக்சனும் காவலூரில் ராஜமோகனும் கண்டது அத்தகைய புள்ளிகளைத்தான். நாள்தோறும் அப்புள்ளி பெரிதாகும், வடிவம் கொள்ளும், குழிகளும் மேடுகளும் தோன்றும். பின்னர் காந்தமானியின் முதல் பதிவை ஏந்திய அலை சைக்கியை விட்டுப் புறப்படும். அது எண்களாகப் புவியை வந்தடையும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு கடிகைப் பொழுதோ, அதற்குக் குறைவோ கூடவோ.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் பழம்பெயர்களிலும் பேச்சுவழக்கிலும் காலத்தையும் வானத்தையும் குறிக்கும் சொற்களைத் திரட்டி, அவற்றின் பொருளை வகுப்பில் விளக்குக.

2. மூன்று இரவுகள் ஒரே நேரத்தில் வானின் ஒரே பகுதியைப் பார்த்து, தெரியும் விண்மீன்களை வரைக. உங்கள் வரைபடங்களை ஒப்பிட்டு, இடம் மாறியது ஏதேனும் உள்ளதா எனக் குறிப்பு எழுதுக.

3. 'சிறுகோள்களில் கிடைக்கும் உலோகம் யாருக்கு உரியது?' என்னும் தலைப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.